படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி நான்கு வரியில் ஒரு செய்தி வருகிறது. வீட்டில் கால் தவறி விழுந்த மூதாட்டி சிகிச்சை பலனின்றி இறந்தார் என்று இருக்கும். ஊரும் வயதும்தான் மாறும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது. கால் தவறித்தான் விழுந்தாரா, நினைவு தவறி விழுந்தாரா?

நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தியூர், பவானி, கோபி என்று ஈரோடு மாவட்டத்துக்குள்ளேயே என் பணிக்காலம் முடிந்தது. மருந்து வாங்க ஜன்னலுக்கு வெளியே நிற்கும் முதியவர்கள், "எந்திரிச்சா கிறுகிறுன்னு வருதுங்க", "கண்ணை இருட்டிக்கிட்டு வருதுங்க" என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவன். பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து குடிப்பார்கள். வயசானால் அப்படித்தான் என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அந்தக் கிறுகிறுப்பு எழும்போது ரத்த அழுத்தம் இறங்குவதால் வருவதாக இருக்கலாம், அந்த இறக்கத்துக்கு அளவு உண்டு, கருவியால் அளக்கலாம், பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

படுத்திருப்பவர் எழுந்து நின்றால் அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்து ரத்தக்குழாயில் உள்ள உணர்நரம்புகள் அதை உடனே கண்டுகொண்டு இதயத்தை வேகப்படுத்தும், குழாய்களை இறுக்கும். அதனால்தான் நாம் எழுந்தவுடன் விழாமல் நிற்கிறோம். வயதாக ஆக இந்த ஏற்பாடு மந்தமாகிறது. நீண்டநாள் சர்க்கரை நோய் அந்த நரம்புகளையே கெடுக்கிறது. நின்று 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியோ, கீழ் அழுத்தம் 10 புள்ளியோ குறைந்தால் அது கவனிக்க வேண்டிய குறைவு என்று 1996இலேயே மருத்துவ உலகம் வரையறுத்துவிட்டது. பங்குனி, சித்திரையில் ஈரோட்டு வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது இந்தக் குறைவு இன்னும் கூடும். ராத்திரியில் எழ வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்களுக்கும், ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று விரதம் பிடித்துக்கொண்டு மாத்திரையை மட்டும் விடாமல் போடுகிறவர்களுக்கும் சொல்லவே வேண்டாம். விருந்தில் வயிறு நிறையச் சாப்பிட்டு எழும்போதும் சில முதியவர்களுக்கு அழுத்தம் இறங்கும்.

என் பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் மகனோடு இருக்கிறார். கரும்பு ஆலை ஓடிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில் மாட்டுக்குத் தட்டுப் போடக் கட்டுத்தரைக்குப் போனவர் விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்தது. "மம்முட்டி தட்டித்தான் கண்ணு உழுந்துட்டேன்" என்றார் என்னிடம், மண்வெட்டியைச் சொல்கிறார். ஆனால் நெற்றியிலும் கன்னத்திலும்தான் காயம், உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை. இடறி விழுகிறவர் கையை ஊன்றப் பார்ப்பார். கையே ஊன்றாமல் முகம் தரையில் மோதியிருந்தால், விழும்போதே நினைவு இல்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏன் விழுந்தார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அவர் வீடு திரும்பி, வாக்கர் பிடித்து நிற்கத் தொடங்கியதும் என் கருவியை எடுத்துப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் படுத்திருந்தபோது மேல் அழுத்தம் 156. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 118. தலைமாட்டில் இருந்த மஞ்சப்பையைக் கொட்டினேன். வெவ்வேறு மருத்துவர்கள் எழுதிய டெல்மிசார்டான் என்ற ஒரே அழுத்த மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயர்களில் இருந்தது. அதில் ஒன்றில் சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் நீர் மருந்தும் கலந்திருந்தது. போதாததற்கு ராத்திரிக்குத் தூக்க மாத்திரை. ஒரு பொது மருத்துவரிடம் அந்தப் பையோடு அழைத்துப் போனோம். அவர் நிற்க வைத்து அளந்து பார்த்து மருந்தை மாற்றி எழுதினார். இப்போது எழுந்தால் கிறுகிறுப்பு இல்லை என்கிறார். விழுந்த அன்று மயக்கம் வந்ததா என்று கேட்டால் மட்டும் இன்றைக்கும் மம்முட்டியைத்தான் சொல்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. இங்கிலாந்தின் நியூகாசிலில் மருத்துவர்கள் கண்முன்னே, பரிசோதனை மேசையிலேயே மயங்கி எழுந்த முதியவர்களில் பலர் தாங்கள் மயங்கவே இல்லை என்று சொன்னதாக ஆய்வு பதிவாகியிருக்கிறது. மயங்கிய நினைவே அவர்களிடம் இருப்பதில்லை. முதியோர் மயக்கத்தையும் வீழ்ச்சியையும் இணைத்துப் பார்க்க மருத்துவ உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முன்னால் நிற்பவர் ரோஸ் ஆன் கென்னி என்ற அயர்லாந்து மருத்துவர். காரணம் தெரியாத மயக்கத்தைச் சாய்மேசைப் பரிசோதனையால், அதாவது படுக்க வைத்த மேசையோடு ஆளை நிமிர்த்திப் பார்ப்பதால், கண்டுபிடிக்கலாம் என்று அவரும் சகாக்களும் 1986இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு அவர் தலைமையில் தொடங்கிய ஓர் ஆய்வில் அயர்லாந்தில் 50 வயது கடந்த 8,500 பேரை 2009 முதல் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். எழுந்து நின்றபின் அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமாகிறவர்கள் காரணம் தெரியாமல் விழுவதும், காயப்பட விழுவதும் அதிகம் என்று அதில் தெரியவந்தது.

மாத்திரையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவரவில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது தாமாக நிறுத்திவிட்டால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அழுத்தத்தை நன்றாகக் குறைத்தால் உயிர் காக்கலாம் என்று 2015இல் வெளியான அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் ஆய்வு காட்டியது. மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுபோக இலக்கு வைத்து மருந்து கொடுக்கப்பட்டவர்களிடம் இதய நோயும் இறப்பும் குறைந்தன. மயக்கம் சற்றுக் கூடியது, காயப்படும் வீழ்ச்சி கூடவில்லை. இன்று மருத்துவர்கள் அழுத்தத்தை இன்னும் இறக்கச் சொல்வதற்குப் பெரிய ஆதாரம் இந்த ஆய்வுதான். அதில் 9,361 பேரைச் சேர்க்கும் முன்னால் ஒவ்வொருவரையும் நிற்க வைத்து அளந்தார்கள். நின்ற நிலையில் 110க்குக் கீழே இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. சர்க்கரை நோயாளிகளையும் சேர்க்கவில்லை. நாமோ அந்த ஆய்வின் பலனை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் முதல் படியான நிற்க வைத்து அளப்பதை விட்டுவிட்டோம். அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் ஒன்றாக வாங்கிப் போகும் நம் ஊர்ப் பெரியவர்களுக்குத்தான் அது கட்டாயம் வேண்டும்.

இதைச் செய்யப் புதிதாக ஆஸ்பத்திரி கட்ட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் அழுத்தக் கருவியோடு தோட்டம் தோட்டமாகப் போகிறார்கள். நல்ல திட்டம். காங்கயம், தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பெண்களின் உழைப்பு புரியும். அவர்கள் இப்போது உட்கார வைத்து ஒருமுறை பார்த்து எழுதுகிறார்கள். 60 வயது கடந்தவர்களைக் கட்டிலில் 5 நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்ற 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ஒருமுறை பார்த்துப் பதிவேட்டில் எழுதினால் போதும். கூட்டம் நிற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கு நேரமும் இல்லை, கட்டிலும் இல்லை. வீட்டில் கயிற்றுக் கட்டில் இருக்கிறது, விழுந்தால் பிடிக்க மகனோ மருமகளோ பக்கத்தில் இருக்கிறார்கள். காலையிலேயே பார்த்தால் இன்னும் நல்லது, குறைவு அப்போதுதான் அதிகம் தெரியும். மாதம் ஒருமுறை வேண்டாம். மருந்து தொடங்கும்போதும் மாற்றும்போதும், ஒருமுறை விழுந்த பின்னும் பார்த்தால் போதும். கூடவே அந்த மஞ்சப்பையையும் ஒருமுறை பிரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். சுகாதாரத் துறை இதைப் பதிவேட்டில் ஒரு கட்டமாகச் சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

முதுமைத் தளர்ச்சியையும் விட்டுவிட முடியாது. தானாக எடை குறைவது, அசதி, கைப்பிடி வலுவிழப்பது, நடை மெதுவாவது, வேலை குறைந்துபோவது என்று 5 அடையாளங்களை அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைட் 2001இல் வகுத்தார். அதில் 3 இருந்தால் தளர்ச்சி. கால் தசைக்கு வலுவும் சமநிலையும் தரும் பயிற்சி செய்கிறவர்கள் விழுவது ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது என்று 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுத் தொகுப்பு சொல்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சையாளரும் உண்டு. விழுந்த பிறகு வருகிற அவரை, விழும் முன்னாலேயே வரவைக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சில வார்த்தை. எழுந்தவுடன் கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, பிறகு நிற்கச் சொல்லுங்கள். கண் இருட்டினால் வெட்கப்படாமல் அந்த இடத்திலேயே உட்காரச் சொல்லுங்கள், கோயில் வரிசையானாலும் சரி, கல்யாண வரவேற்பானாலும் சரி. மயங்கிவிட்டவரை நாலுபேர் சேர்ந்து தூக்கி நிமிர்த்தி உட்கார வைத்து வாயில் சோடா ஊற்றுவதை நான் எத்தனையோ விசேஷங்களில் பார்த்திருக்கிறேன். செய்யக்கூடாத காரியம் அது. படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடியுங்கள், தெளியும் வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதோ, வேலை செய்துகொண்டிருக்கும்போதோ, நெஞ்சு படபடத்தோ மயங்கினால் அது இதயத்தின் கோளாறாக இருக்கலாம். அன்றைக்கே ஈசிஜி எடுத்தாக வேண்டும்.

உங்கள் நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள். முதியவர் விழுந்து இறந்த செய்தி எழுதும்போது, முன்பே கிறுகிறுப்பு இருந்ததா என்று வீட்டாரை ஒரு கேள்வி கேட்டு அந்த நான்கு வரியோடு சேர்த்துப் போடுங்கள். எங்கள் சுற்றுவட்டாரத்தில் எந்தத் துணை சுகாதார நிலையம் கூப்பிட்டாலும், நிற்க வைத்து அழுத்தம் பார்க்கும் முறையைத் தன்னார்வலர்களுக்கு நேரில் சொல்லிக்கொடுக்க நான் தயாராக இருக்கிறேன். கருவியும் என்னுடையதையே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
கவுந்தப்பாடி, ஈரோடு மாவட்டம்.