கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

அன்பின் ஆசிரியருக்கு,

வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் லீவில் வந்தால் ஊர் பஸ்ஸில் ஏறக் கௌரவம் பார்க்கிறார்கள், வேன் பிடித்துத்தான் தேயிலைத் தோட்டத்துக்குள் போகிறார்கள் என்று போன ஞாயிறு உங்கள் பயணப் பக்கத்தில் எழுதியிருந்தது. எழுதியவருக்கு ஒரு கும்பிடு. எந்த பஸ் என்றும் சொல்லியிருந்தால் நானும் கைகாட்டி ஏறியிருப்பேன்.

நான் டுபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர். அங்கே எனக்குக் காரா காத்திருக்கிறது? மெட்ரோவும் பஸ்ஸும்தான். நோல் என்கிற பயண அட்டையைத் தட்டிவிட்டு ஏற வேண்டியது, ஒரு வலயத்துக்குள் 3 திர்ஹாம். பஸ்ஸில் காசே வாங்கமாட்டார்கள், அதனால் மீதிக் காசுச் சண்டை கிடையாது. மெட்ரோவில் பெண்களுக்கென்று தனி இடம். அங்கே ஆண்கள் நின்றால் 100 திர்ஹாம் தண்டம். சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. காலையில் யூனியன் ஸ்டேஷனில் மூச்சுவிட இடமிருக்காது. ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து அறைக்கு எப்படிப் போவது என்று நான் பயந்ததில்லை. அந்தப் பயம் எங்கள் மலைநாட்டு ஊர் தலவாக்கலையில் இறங்கினால்தான் வருகிறது.

இந்த முறை கொழும்பிலிருந்து வந்து இறங்கும்போது ஆறு மணி தாண்டிவிட்டது. தோட்டத்துக்கான கடைசி பஸ் போய்விட்டதா, வரவே இல்லையா என்று அங்கே நின்ற யாருக்கும் தெரியவில்லை. "ரோடு அப்படி அக்கா, டயர் போகுது" என்று ஆட்டோத் தம்பி கேட்ட காசு, கொழும்பு பஸ் டிக்கெட்டை விட அதிகம். அவரைக் குறை சொல்லமாட்டேன். ஏற்றத்தில் ஆட்டோ ஏற மறுத்து, நான் இறங்கி, தலையில் டவலைப் போட்டுக்கொண்டு மழையில் தள்ளினேன். என் மடியில் இருந்த பெட்டியை அவர் தன் காலடியில் வைத்து அணைத்துக்கொண்டார்.

வேன் பிடிப்பதும் உண்மைதான். நடுச்சாமத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குகிறவள் வேறு எதைப் பிடிப்பாள்?

நான் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவள். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கிற பிள்ளைகள் தினமும் நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போகிறார்கள். பஸ் வந்தாலும் மிதிபலகையில் தொங்கல். பஸ் போர்டில் பல நேரம் தமிழ் இருக்காது. 1987இல் தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது என்று யாராவது ஒரு தபால் போட்டால் புண்ணியம். 2025 மே மாதம் கொத்மலை கரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது எல்லோரும் பேசினார்கள். அப்புறம் பழையபடி பயணப் பக்கம். நானுஓயாவுக்கு 1885இல் ரயில் வந்தது தேயிலைக்காக. பின்னால் அது சுற்றுலா ஊரான எல்ல வரை போட்டோ எடுக்கிறவர்களுக்கான ரயிலாகிவிட்டது. கொழுந்து பறிக்கிறவளுக்கு எப்போது என்று கேட்டால் நான் கௌரவம் பார்க்கிறவளாகிவிடுவேன்.

சரி, உங்களைக் கேட்பது பெரிய காரியம் அல்ல. எல்லவில் இருக்கிற ஒன்பது வளைவு ரயில் பாலத்தின் படம் போடாத ஒரு கிழமையில், ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாவிலிருந்து தோட்டங்களுக்குப் போகும் கடைசி பஸ் நேரங்களைப் போடுங்கள். நேரம் கேட்டு வர உங்கள் நிருபரை அனுப்பினால், பகலிலேயே போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தலவாக்கலை