கைகுலுக்கும் படத்துக்குப் பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் உங்கள் பத்திரிகையின் கல்விப் பக்கத்தில் ஒரு படம் பார்த்தேன். நம் இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றும் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்திருக்கின்றன. இரண்டு கொடி, இரண்டு பேனா, நடுவில் பூச்சாடி. நல்ல காரியம்தான். ஆனால் படம் எடுத்து எல்லோரும் தேநீர் குடித்துக் கலைந்த பிறகு என்ன நடக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. என் மகள் அப்படி ஓர் உடன்படிக்கையில் ஐரோப்பாவுக்குப் படிக்கப் போய் வந்தவள். அதனால் எழுதுகிறேன்.

நான் இந்த உறவுகளுக்கு எதிரி அல்ல. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்ற ஆசிரியை நான். ஜெர்மன் உதவியோடு எழுந்த கல்லூரி அது. உதவ வந்தவர்கள் எப்போதோ திரும்பிப் போய்விட்டார்கள். கட்டடம் நிற்கிறது, அங்கே படித்தவர்கள் மலை முழுக்கத் தோட்டப் பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்துகிறோம். வந்தவர்கள் போன பிறகும் நம்மிடம் ஏதாவது மிஞ்ச வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது அதனால்தான்.

மகள் அரச பல்கலைக்கழகம் ஒன்றில் விவசாயம் படிக்கிறாள். ஐரோப்பிய நாடுகள் 1987 இல் தமக்குள் தொடங்கி, பிறகு நம்மைப் போன்ற நாடுகளுக்கும் திறந்துவிட்ட எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அரையாண்டு படிக்கத் தேர்வானாள். லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தோம். இனிப்பு தீரும் முன்பே பிரச்சினை வந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழைச் சிங்களத்தில் எழுதிய பதிவாளர் என் கணவர் பெயரின் கடைசி இரண்டு எழுத்தை விட்டிருக்கிறார். இருபத்திரண்டு வருடம் யாருக்கும் அது தெரியவில்லை. கடவுச்சீட்டு எடுக்கப் போன இடத்தில் தெரிந்தது. சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம், மொழிபெயர்ப்பு, திரும்பவும் வரிசை. மலையகத்தில் இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல. பெயர் சரியாக எழுதப்பட்ட சான்றிதழ் கிடைத்தவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

அப்புறம் பணம். உதவித்தொகை அங்கே போய் வங்கிக் கணக்குத் திறந்த பிறகுதான் வரும் என்றார்கள். அதுவரை விமான டிக்கெட், காப்புறுதி, குளிருக்குக் கோட்டு எல்லாம் நம் பொறுப்பு. விசாவுக்கு வங்கிக் கூற்று வேறு. என் தாலிக்கொடி ஹட்டனில் அடகுக்குப் போனது. எனக்கு மாதச் சம்பளம் வருகிறது, திருப்பிவிட்டேன். கொழுந்து பறிக்கும் அம்மாவின் பிள்ளை தேர்வாகியிருந்தால்? அந்தப் பிள்ளை கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "போக விருப்பமில்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கும். விண்ணப்பங்கள் குறைவு என்று யாராவது அறிக்கையிலும் எழுதியிருப்பார்கள்.

சரி, போனாள், படித்தாள், நல்ல பெறுபேற்றோடு வந்தாள். வந்த பிறகுதான் பெரிய அடி. படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுகிறார்கள். ஐரோப்பாவில் ஒரு வருடப் படிப்புக்கு 60 கிரெடிட், பட்டங்களுக்கு அளவு வகுக்கும் நம் நாட்டுத் தகைமைச் சட்டகத்தில் 30. அவள் அரையாண்டில் 30 கொண்டு வந்தாள். கணக்குத் தெரிந்தவருக்கு அது இங்கே 15. ஆனால் எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று போகும் முன்பே இரு பக்கமும் கையெழுத்திட வேண்டிய தாளில் அந்தப் பகுதி வெறுமையாக இருந்திருக்கிறது. "பிறகு பார்க்கலாம்" என்றார்களாம். பிறகு பார்த்தபோது பீடக் கூட்டத்தில் மூன்று பாடம் பொருந்தாது என்று முடிவாகிவிட்டது. சேர்ந்து நுழைந்தவர்கள் பட்டம் வாங்கப் போக, இவள் தனக்குப் பின்னால் வந்தவர்களோடு உட்கார்ந்து அந்தப் பாடங்களைத் திரும்பப் படிக்கிறாள். கொடியும் பூச்சாடியும் வைக்க நேரம் இருந்தவர்களுக்கு அந்த ஒரு தாளை நிரப்ப நேரம் இருக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அங்கிருந்து இங்கே யார் வருகிறார்கள்? இரண்டு வருடத்துக்கு முன் முதுமாணி மாணவர்கள் இருவர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். பள்ளிக்கூட விறாந்தையில் உட்கார்ந்து பெண்களிடம் கேள்வி கேட்டார்கள், மூன்று நாள் நான்தான் மொழிபெயர்த்தேன். காலையில் எத்தனை கிலோ, மழையில் எத்தனை கிலோ, அட்டை கடித்தால் என்ன செய்வீர்கள். ஒரு அக்கா சிரித்துக்கொண்டே, "இத தெரிஞ்சு இவங்க என்னா பண்ணப்போறாங்க டீச்சர்?" என்று கேட்டார். ஆய்வு முடிந்ததும் ஒரு பிரதி அனுப்புவோம் என்றார்கள். இன்னும் வரவில்லை. அந்த அக்கா இப்போதும் என்னைக் கண்டால் கேட்கிறார்.

ஐரோப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உறவு என்றாலே அந்தப் பக்கம் மட்டும்தானா? 1921 இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி பிள்ளைகளை லண்டன் பரீட்சைக்குத் தயார் செய்தது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது. நம்மிடம் தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அசாமின் ஜோர்ஹாட்டில் டொக்லாய் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1911 முதல் இருக்கிறது. கென்யாவின் கெரிச்சோ தேயிலை மலைகளுக்குப் பக்கத்திலேயே கபியாங்கா பல்கலைக்கழகம் இருக்கிறது. கெரிச்சோவில் கொழுந்து பறிக்கும் இயந்திரங்கள் வந்து வேலை பறிபோன கோபத்தில் 2023 இல் இயந்திரங்களுக்குத் தீ வைத்தார்கள். இங்கேயும் இயந்திரம் வரத்தான் செய்கிறது. அதைப் பற்றி நம் பிள்ளைகள் பேச வேண்டியது அங்குள்ள பிள்ளைகளோடு அல்லவா? இணையத்தில் சேர்ந்து வகுப்பு வைத்தால் இதற்கு விசாவும் வேண்டியதில்லை. அசாமுக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்று. கென்யா இரண்டரை மணித்தியாலம் பின்னால். இங்கே காலை பத்தரைக்கு வகுப்பு வைத்தால் அங்கே எட்டு மணி. சிக்னல் கிடைக்கும் ஓர் அறையும் ஒரு நல்ல ஒலிவாங்கியும் போதும்.

பயணம் போகும் உடன்படிக்கை என்றால், கடவுச்சீட்டு முதல் டிக்கெட் வரை முன்பணம் யார் தருவது, எந்தப் பாடம் எதற்கு ஈடு, இங்கே வந்து எடுத்த ஆய்வின் தமிழ்ச் சுருக்கம் எப்போது தோட்டத்துக்கு வரும் என்று கையெழுத்துக்கு முன்பே எழுதி வைக்கட்டும். உங்கள் நிருபர்களும் அடுத்த தடவை படம் எடுக்கும்போது இந்த மூன்றையும் கேட்டு எழுதினால் நல்லது.

போன கிழமை, இம்முறை தேர்வான ஒரு பிள்ளையின் அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். என்ன கோட்டு வாங்க வேண்டும் என்று கேட்டார். கோட்டு இருக்கட்டும் அண்ணன், முதலில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்து உங்கள் பெயரை எழுத்துக் கூட்டி வாசியுங்கள் என்றேன். தேடி எடுத்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்தார். இன்னும் கூப்பிடவில்லை.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
கொட்டகலை