அதற்கு மருந்தடிக்காதே

ஹட்டன்

அன்புள்ள சிவா,

இங்கே எல்லோரும் நலம். மழைதான் விட்டபாடில்லை, போஞ்சிக் கொடியெல்லாம் அழுகிப் போச்சு. பெரியவள் ஏ.எல். பரீட்சைக்குப் படிப்பதால் வீட்டில் டிவிக்கு விடுமுறை.

டொரொண்டோவிலிருந்து நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோல்டன்ரொட் பூக்கொத்தில் தேனீ தலைகீழாகத் தொங்குகிறது. அதன் கழுத்தருகே மஞ்சளும் பழுப்புமாய், கோணல்மாணலாய் ஒன்று ஒட்டியிருக்கிறதே, தேனீயைப் பிடித்த ஆள் அதுதான். மருந்தடிக்கவா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மச்சான்.

ஃபைமேட்டா என்பார்கள், பதுங்கி இரை பிடிக்கும் பூச்சி. மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாது, ஆனால் தன்னைவிடப் பெரிய குளவியையும் வண்ணத்துப்பூச்சியையும் மடக்கிவிடும். முன்னங்காலைப் பார். தொடை உருண்டு திரண்டிருக்கும், அடுத்த கணு மடக்குக் கத்திபோல அதன்மேல் வந்து மூடும். பிடி விழுந்ததும் ஊசி வாயைச் செருகி எச்சிலை இறக்கும். இரை அசைவற்றுப் போகும், உள்ளிருப்பது கரையும், இது உறிஞ்சிக்கொள்ளும். வெளிக்கூடு அப்படியே மிஞ்சுவதால்தான் உன் தேனீ முழுசாகத் தெரிகிறது. கையில் எடுத்துப் பார்க்காதே, குத்தினால் வலிக்கும்.

இன்னொரு படத்தில் ஒன்றின் முதுகில் இன்னொன்று இருக்கிறதே, மேலே இருக்கும் சின்னக் கறுப்பன் ஆண். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இறங்கமாட்டான். அந்தக் கறுப்பு எதற்கென்று உங்கள் டொரொண்டோ பல்கலைக்கழகத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். கருத்த ஆண் வெயிலில் சீக்கிரம் சூடேறுகிறது, குளிர்ந்த வேளையில் பெண்ணைத் தேடி முந்திக்கொள்கிறது. நுவரெலியா போர்டிங்கில் காலையில் வெயில் விழும் சுவரைத் தேடி ஓடிய உனக்கு இதை விளக்க வேண்டுமா?

நம் பக்கத்துப் பூக்களில் இப்படிப் பதுங்கிப் பிடிக்கும் வேலையை நான் பார்த்தது நண்டுச் சிலந்தியிடம்தான். தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்துக்குப் பின்னால் கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலை பூத்துக் கிடக்கிறது. வெள்ளை இதழில் வெள்ளைச் சிலந்தி, முன்கால்களை அகல விரித்தபடி. வலை கிடையாது. பக்கத்தில் குனிந்தும் எனக்குச் சட்டென்று தெரியவில்லை. ஆனால் தேனீயின் கண் வேறு, அதற்குப் புற ஊதா ஒளி தெரியும். ஆஸ்திரேலியாவில் ஒரு வெள்ளை நண்டுச் சிலந்தியை வைத்து 2003இல் ஓர் ஆய்வு வந்தது. சிலந்தியின் உடம்பு அந்த ஒளியைத் திருப்பியடிக்கிறது, தேனீக்கு அது பளிச்சென்று தெரிகிறது, சிலந்தி உள்ள பூவையே தேனீ அதிகம் நாடுகிறது! ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம் நம் பார்வைக்குத்தான் போலிருக்கிறது.

உன் பூசணிக்குத் தேனீ குறையுமே என்ற கவலை நியாயம்தான். ஃபைமேட்டா தேனீயும் தின்னும், ஈயும் தின்னும், வந்ததைப் பிடிக்கும். ஆனால் பூவில் மருந்தடித்தால் தேனீக்கும் சேர்த்துத்தானே அடிக்கிறாய்? உறைபனியோடு பெரியவை செத்துவிடும், குளிர்காலத்தைத் தாண்டுவது முட்டைதான். காய்ந்த தண்டுகளை வசந்தம் வரை விட்டுவை.

அப்புறம், உன் தம்பி வரும்போது அந்தப் பழைய உருப்பெருக்கியைக் கொடுத்தனுப்பு. சின்னவன் சிலந்திக்கு எத்தனை கண் என்று தினமும் நச்சரிக்கிறான். எட்டு என்றால் நம்பமாட்டானாம், எண்ணிப் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
குமார்