லேடி ஹார்டிங் நூல் அச்சேற இன்னும் 84,500 ரூபாய் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்த தமிழ்ப் பெண்கள் சிலர் சேர்ந்து லேடி ஹார்டிங் அம்மையாரைப் பற்றித் தொடங்கிய நூல், அச்சக வாசலில் நிற்கிறது. ஜனவரி 10-க்குள் பாக்கியைக் கட்டினால்தான் அச்சுக்கு எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

கல்லூரிப் பேச்சு வந்தாலே எங்கள் மூத்த அக்காக்களின் முகம் மலர்ந்துவிடும். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்றால், ‘வைஸ்ராயின் மனைவி’ என்பதற்கு மேல் பலருக்குத் தெரியவில்லை. விருந்தும் தர்பாருமாகவே அவர் காலம் போய்விடவில்லை. 1912 டிசம்பர் 23 அன்று சாந்தினி சவுக்கில் யானைமேல் கணவரோடு ஊர்வலம் வந்தபோது வெடிகுண்டு விழுந்தது. வைஸ்ராய்க்குப் பலத்த காயம். பின்னால் குடை பிடித்தவர் இறந்தே போனார். அதற்குப் பிறகும் அந்த அம்மா எடுத்த காரியத்தை விடவில்லை. ஆண்களோடு படிக்க வீட்டில் அனுப்பாத பெண்களுக்குத் தனி மருத்துவக் கல்லூரி வேண்டுமென்று சமஸ்தான மன்னர்களிடமும் மற்றவர்களிடமும் கேட்டுக் கேட்டு நிதி திரட்டினார். 1914 மார்ச் 17 அன்று அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டு ஜூலை 11 அன்று காலமானார். 1916 பிப்ரவரியில் கல்லூரி 16 மாணவிகளோடு திறந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்நிய ஆட்சிமேல் நமக்கு ஆயிரம் குறை உண்டு. இவருக்குப் பட்ட கடன் வேறு.

சரி, கணக்குக்கு வருவோம். 1,000 பிரதிகள் அச்சிட 1,85,000 ரூபாய், பழைய படங்களுக்கான அனுமதிக்கு 22,000, அனுப்பும் செலவு 9,000. மொத்தம் 2,16,000. வந்தது 1,31,500.

பிரதிகள் எல்லாம் அரசுப் பெண்கள் பள்ளி நூலகங்களுக்கு இலவசமாகப் போகும்.

இதுவரை கொடுத்தவர்களுக்குக் கைகூப்பி நன்றி சொல்கிறோம். ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே அனுப்பிய தஞ்சாவூர் நர்ஸம்மா, பேத்தியின் பிறந்தநாள் விருந்தை நிறுத்தி அந்தப் பணத்தைத் தந்த தாத்தா, மெய்ப்புப் பார்த்துக் கூலி வாங்க மறுத்த ஆசிரியை, உண்டியலை உடைத்து 640 ரூபாய் கொண்டுவந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை என எல்லோரையும் அம்பாள் நன்றாக வைத்திருக்கட்டும்.

நம் வாட்ஸ்அப் குழுவில் 140 பேர் இருக்கிறோம். பணம் தந்தவர்கள் 41 பேர். அந்தப் படிப்பால் வீடு கட்டினோம், பிள்ளைகளைக் கரையேற்றினோம். அப்புறம் பார்க்கலாம் என்று இனியும் தள்ளலாமா?

500 ரூபாயானாலும் போதும். பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாம் தேதி மதியம் அவர் அச்சகத்துக்குப் புறப்படுகிறார்.

இப்படிக்கு,
நூல் வெளியீட்டுக் குழுவினர்