பழைய லாரி எஞ்சினுக்கு ஃப்ளைவீல் தேடும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

படங்கள் வந்து சேர்ந்தன. பெரிதாக்கிப் பார்த்தேன். உன் சந்தேகம் சரிதான், எஞ்சினின் பின்முனையில் சுற்றும் அந்தக் கனமான சக்கரம், அந்த ஃப்ளைவீல், இனி ஆகாது. கிளட்ச் உரசும் முகத்தில் இருக்கிற மயிரிழை வெடிப்புகள் மட்டும் என்றால் லேத்தில் கொடுத்து ஒரு சீவு சீவிவிடலாம். சூட்டில் அப்படி வருவது சகஜம். ஆனால் அதில் ஒன்று போல்ட் துளை வரைக்கும் ஓடியிருக்கிறது. வெல்டு வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதே. 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் வார்ப்பிரும்பு பிளந்தால் அதை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் கூட்டையும் தரைத் தகட்டையும் கிழித்துக்கொண்டு வரும். உன் கால் இருக்கிற இடம் அது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, புதிதாக ஒன்றைத் தேடுவதற்கு வருவோம். "1955 ஷெவ்ரோலே லாரி, 235 ஆறு சிலிண்டர்" என்று சொல்லித்தான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறாய். 235 என்பது கன அங்குலத்தில் எஞ்சினின் கொள்ளளவு. ஆனால் அந்த வரி போதாது, கண்ணு. 1955-இல் அந்த லாரி இரண்டு விதமாக வந்தது. வருடத் தொடக்கத்தில் வந்தவை பழைய உடம்போடும் 6 வோல்ட் மின்சாரத்தோடும் வந்தன. மார்ச் மாதத்தில் அறிமுகமான புது உடம்பு வண்டிகள் 12 வோல்ட். 6 வோல்ட் எஞ்சினின் ஃப்ளைவீலில், ஸ்டார்ட்டர் கடிக்கிற பல் வளையமான ரிங் கியருக்கு 139 பற்கள், 12 வோல்ட்டுக்கு 168 பற்கள். பல்லின் பருமனே வேறு. ஒன்றுக்கான ஸ்டார்ட்டர் மற்றதோடு கடிக்காது. வண்டியில் இப்போது 12 வோல்ட் பேட்டரி இருக்கிறதே என்று அதையும் நம்பிவிடாதே. ஸ்டார்ட்டரையும் ஃப்ளைவீலையும் அப்படியே விட்டுவிட்டு மின்சாரத்தை மட்டும் 12-க்கு மாற்றிய பழைய வண்டிகள் நிறைய உண்டு.

போதாததற்கு, இத்தனை வருடத்தில் எஞ்சினே மாறியிருக்கலாம். 235 எஞ்சின் 1941-லிருந்து லாரிகளில் வந்தது. அதற்கு முந்தைய 216 எஞ்சின் இருந்த வண்டிகளில்கூடப் பின்னாளில் 235-ஐ இறக்கியிருக்கிறார்கள். அதனால் பதிவுப் புத்தகத்தைப் பார்க்காதே. பிளாக்கில் வார்த்திருக்கிற எண்ணைக் குறித்துக்கொள், அப்புறம் கையில் இருக்கிற பொருளை அளந்து பார். இருக்கிற ஸ்டார்ட்டர், இருக்கிற கிராங்க் (ஃப்ளைவீல் மாட்டியிருக்கும் எஞ்சின் தண்டு), இருக்கிற பெல் ஹவுசிங், இருக்கிற கிளட்ச், இந்த நான்கும் எதை ஏற்றுக்கொள்கிறதோ அதுதான் உனக்கான ஃப்ளைவீல். அதனால் வெடித்த சக்கரத்தை இப்போதே பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே. உன்னிடம் இருக்கிற நம்பகமான அளவுகோல் அதுதான்.

முதலில் பற்களை எண்ணு. ஒரு பல்லில் சாக்பீஸ் தடவிவிட்டு அங்கிருந்து தொடங்கு. படத்தில் சில பற்கள் மட்டும் கூராகத் தேய்ந்திருப்பதைக் கவனித்தாயா? சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் அப்படி மூன்று இடங்கள் இருக்கும். ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றில் மூன்று முறை காற்றை அழுத்துகிறது, அணைத்ததும் அந்த அழுத்தத்தில் தடுக்கி ஏறக்குறைய அதே மூன்று இடங்களில்தான் நிற்கும். அதனால் ஸ்டார்ட்டர் எப்போதும் அங்கேயே கடிக்கிறது. பழைய ஃப்ளைவீல் வாங்கும்போதும் இது இருக்கும், அதற்காக நல்ல சக்கரத்தை வேண்டாம் என்று சொல்லிவிடாதே. ரிங் கியர் தனி வளையம்தான். தட்டிக் கழற்றிவிட்டு, புது வளையத்தைச் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை எல்லாப் பக்கமும் சமமாகச் சூடாக்கி உட்கார வைத்தால், ஆறும்போது இறுகிக்கொள்ளும். சிவக்கச் சிவக்கக் காய்ச்சினால் பல்லின் கடினம் போய்விடும். பல்லின் சரிவான முனை ஸ்டார்ட்டர் வந்து நுழையும் பக்கம் இருக்க வேண்டும்.

அடுத்தது கிராங்க் முகம். ஒரு தாளை அதன் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிரீஸ் பட்ட விரலால் தேய். போல்ட் துளைகள், சக்கரத்தை இடம் மாறாமல் நிறுத்தும் டவல் பின், நடுவட்டம் எல்லாம் தாளில் அப்படியே பதியும். விற்பவரிடமும் அவர் சக்கரத்தில் அதே மாதிரி ஒரு பதிவு எடுத்து அனுப்பச் சொல். எண்களை வாயால் சொல்லிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். ஒரே குடும்ப எஞ்சினிலும் இந்த அளவு மாறும். ஷெவ்ரோலேயின் சிறிய வி8-இல் (எட்டு சிலிண்டர் எஞ்சின்) 1985 வரை போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 3.58 அங்குலம், 1986 முதல் 3 அங்குலம். அதே வி8-க்கும் 168 பல் ஃப்ளைவீல் உண்டு என்பதால், "168 பல் இருக்கிறது, உங்களுக்குப் பொருந்தும்" என்று யாராவது அதை உன் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பல் எண்ணிக்கை ஒத்துப்போனால் மற்றதெல்லாம் ஒத்துப்போய்விடும் என்று இல்லை.

பலரும் அளக்க மறப்பது உயரத்தை. கிராங்கில் உட்காரும் முகத்திலிருந்து கிளட்ச் உரசும் முகம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று பார். அது மாறினால், பெடலை மிதித்ததும் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் போய்ச் சேரும் இடமும் மாறும், பிறகு பெடலை எவ்வளவு சரிசெய்தாலும் கிளட்ச் ஒழுங்காக விடாது. கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட் துளைகளையும் அதோடு பார்த்துக்கொள். சிறிய லாரிக்கும் பெரிய லாரிக்கும் கிளட்ச் அளவு வேறுபடும்.

பேலன்ஸ் விஷயத்தில் உனக்கு நிம்மதிதான். வரிசையாக ஆறு சிலிண்டர் உள்ள எஞ்சின் இயல்பிலேயே சமநிலை உள்ளது, எனக்கு அதன் மேல் இருக்கும் பிரியத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஃப்ளைவீல் தனியாகச் சமநிலையில் இருந்தால் போதும். ஒரு பக்கம் வேண்டுமென்றே எடை வைத்த ஃப்ளைவீல்கள் உண்டு, ஷெவ்ரோலே 400 வி8-க்கு வந்தது போல. அப்படி ஒன்றை உன் எஞ்சினில் மாட்டினால் அதிர்ந்து அதிர்ந்தே கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் போய்விடும். எடை குறைந்த ஃப்ளைவீலும் வேண்டாம். சுமையோடு நிற்கிற லாரியை மெதுவாக நகர்த்துவதற்குக் கனமான சக்கரம்தான் தேவை.

விளிம்பில் பதித்திருக்கும் எஃகுக் குண்டைத் துடைத்துப் பார்த்துக்கொள். பெல் ஹவுசிங்கின் சிறு ஜன்னல் வழியாக டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பார்ப்பதற்கு அதுதான் குறி. வாங்கும் சக்கரத்திலும் அது இருக்கிறதா என்று கேள்.

மாட்டும் நாளில் தனியாகத் தூக்காதே. தலை வெட்டிய நீள போல்ட் இரண்டைக் கிராங்கில் திருகிவைத்தால் சக்கரம் அதன் மேல் வழுக்கிப் போய்ச் சரியான இடத்தில் உட்காரும். பழைய போல்ட்டுக்குப் பதில் கிடைத்த போல்ட்டைப் போட்டுவிடாதே, தலை உயரமாக இருந்தால் கிளட்ச் பிளேட்டின் நடுவில் இடிக்கும். முறுக்கிய பிறகு டயல் கேஜ் என்ற முள் அளவுகருவியை வைத்து, சுற்றும்போது சக்கரம் எவ்வளவு ஆடுகிறது என்று பார். அதிகமாகக் காட்டினால், சக்கரத்தைக் குறை சொல்லும் முன் கழற்றி இரண்டு முகங்களையும் துடைத்துவிட்டு மறுபடி மாட்டு. ஒரு சின்னப் பிசிறே போதும். அப்புறம், ஹவுசிங்கில் படிந்திருக்கிற பழைய கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊதாதே. அந்தக் காலத்துப் பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத்துணியால் துடைத்து எடு, முகமூடியும் போட்டுக்கொள்.

பல் எண்ணிக்கை, தாள் பதிவு, உயரம் இந்த மூன்றையும் எனக்கு அனுப்பு. விற்பவர் அவசரப்படுத்தினாலும், நான் பார்த்துச் சொல்லும்வரை பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா