துருத்தி இழுத்த தம்பிக்கும் துணைநின்ற அனைவருக்கும்

பெருமதிப்பிற்குரிய ஊர்ப் பெரியோர்களுக்கும் சைக்கிள் ஓட்டும் தோழர்களுக்கும் வணக்கம்.

பிரெஞ்சுச் சைக்கிள் பந்தய வீரர் எஜேன் கிறிஸ்தோஃபின் பந்தய வாழ்வையும் பிற்கால வாழ்வையும் பற்றிச் சத்தியமங்கலத்தில் நாங்கள் நடத்திய மாலை நிகழ்ச்சி நல்லபடியாக நடந்தேறியது. நன்றி மடல் என்றால் இடம் கொடுத்தவர், பணம் கொடுத்தவர் என்று தொடங்குவதே வழக்கம். நாங்கள் துருத்தி இழுத்த பையனிடமிருந்து தொடங்குகிறோம். வந்திருந்தவர்களுக்குக் காரணம் தெரியும், வராதவர்களுக்காகச் சொல்கிறோம்.

பிரான்ஸ் நாட்டைச் சுற்றிப் பல நாட்கள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், 1913ஆம் ஆண்டு, முதலிடத்தை எட்டிப் பிடிக்கும் நிலையில் இருந்த கிறிஸ்தோஃப், பிரனீஸ் மலையில் 2,115 மீட்டர் உயரமுள்ள டூர்மலே கணவாயிலிருந்து இறங்கி வரும்போது சைக்கிளின் முன் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் குழாய்க் கவை, முறிந்துபோனது. வேறு சைக்கிள் வாங்கக் கூடாது, பழுதை வீரரே பிறர் உதவியின்றிச் சரிசெய்ய வேண்டும் என்பது அக்காலத்து விதி. சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு 10 கி.மீ.க்கும் மேல் நடந்து, சேன்ட் மரி த கம்பான் என்ற சிற்றூரின் கொல்லுப்பட்டறையை அடைந்தார். இளமையில் பூட்டுத் தொழில் பழகியவர் என்பதால் இரும்பின் போக்கு அவருக்குத் தெரியும். கொல்லர் வாயால் வழி சொல்லலாம், கையால் தொடக் கூடாது. பந்தய அதிகாரிகள் சுற்றி நின்று கண்காணிக்க, பல மணி நேரம் போராடி ஃபோர்க்கை ஒட்டவைத்தார். இரு கைகளுக்கும் வேலை இருந்ததால் துருத்தியை மட்டும் ஒரு சிறுவன் ஊதினான். அந்த உதவிக்குத் தண்டனையாக அவருடைய பந்தய நேரத்தில் 10 நிமிடம் கூட்டினார்கள். பிறகு அதை 3 நிமிடமாகக் குறைத்தார்கள். அவர் அந்தப் பந்தயத்தை ஏழாவதாக முடித்தார்.

இதை வாயால் சொன்னால் போதாது, உலை மூட்டியே காட்ட வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது, அரிவாளும் மண்வெட்டியும் அடித்துக்கொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுச் சம்மதித்த கொல்லர் ஐயாவுக்கு எங்கள் வணக்கம். இப்போது பட்டறைகளில் மின்விசிறிதான் காற்றடிக்கிறது. ஆகவே தம் வீட்டு அட்டாலியில் கிடந்த தோல் துருத்தியைத் தேடி எடுத்துத் தந்த அம்மாயிக்கும், எலி கடித்த அதன் தோலைக் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்த பேருந்து நிலையச் செருப்புக் கடை அண்ணனுக்கும் நன்றி. கொல்லர் ஐயா முதலில் தனியாகவே முயன்று காட்டினார். குறட்டில் குழாயைப் பிடித்துக்கொண்டு துருத்திக்குத் திரும்பினால் உலை சிவக்கிறது. துருத்தியை விட்டுச் சம்மட்டியை எடுப்பதற்குள் குழாயின் செம்மை கறுத்து, அடி ஏறாமல் நழுவுகிறது. பிறகு அவருடைய பேரன் ஓடிவந்து துருத்தியைப் பிடித்துக்கொண்டான். அந்தத் தம்பிக்குக் கூட்டம் கைதட்டியதே, அது 1913இலேயே ஒருவனுக்குக் கிடைத்திருக்க வேண்டியது என்று எங்களுக்குத் தோன்றியது. உலை நெருப்பு என்றதும் ஒரு மண்டபத்தில் மறுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் வருத்தமில்லை. களத்துமேட்டைத் தந்து, தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பிவைத்த தோட்டத்துக்காரருக்கு மிக்க நன்றி.

பணம் தந்தவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் நடந்த 1919 பந்தயத்தில், முதலிடத்தில் இருப்பவருக்கென்று மஞ்சள் ஜெர்சி அறிமுகமானபோது அதை முதன்முதலாக அணிந்தவர் கிறிஸ்தோஃப்தான். பந்தயம் முடிவதற்கு இரண்டே கட்டங்கள் (ஒரு நாளில் ஓட்டும் தொலைவு ஒரு கட்டம்) இருந்த நிலையில் மறுபடியும் ஃபோர்க் முறிந்து, மூன்றாமிடத்துக்குப் போனார். அப்போது பந்தயத்தை நடத்திய நாளிதழின் வழியாக மக்கள் சிறுகச் சிறுகப் பணம் அனுப்பினார்கள். 13,000 பிராங்குக்கு மேல் சேர்ந்தது. தந்தவர்களின் பெயர்ப் பட்டியல் பக்கம் பக்கமாக அச்சானது. நம் ஊரில் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று உண்டியலில் போட்ட தறிக்காரர்களும் பனியன் கம்பெனித் தம்பிகளும் பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் எங்களால் அப்படி அச்சிட முடியவில்லை.

அவருடைய பிற்கால வாழ்வை விளக்க எங்களிடம் படங்கள் மிகக் குறைவு. ஒருமுறைகூட டூர் டி பிரான்ஸை வெல்லாமல் 1920களின் நடுப்பகுதியில் ஓய்வுபெற்ற அவருடைய பெயர், பெடலில் பாதத்தைப் பிணைக்கும் டோ கிளிப்பிலும் தோல் வாரிலும் பொறிக்கப்பட்டு உலகெங்கும் விற்பனையானது. அவர் ஓட்டியதைப் பார்த்திராத தலைமுறை வீரர்களும் அந்தப் பெயரைக் காலில் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். வென்றவர்களில் எத்தனை பேருக்கு இப்படி வாய்த்தது? அத்தகைய வார் ஒரு ஜோடியைத் தாம் பந்தயம் ஓட்டிய காலத்திலிருந்து தேங்காயெண்ணெய் தடவிப் பாதுகாத்து வந்து, கோபியிலிருந்து கொண்டுவந்து மேசைமேல் வைத்த மூத்த வீரருக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். வயது எழுபதைத் தாண்டியும், பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் பழகிய நாட்களைப் பற்றி அவர் பேசிய பேச்சுதான் அன்றைக்குப் பையன்களைக் கட்டிப்போட்டது. கிறிஸ்தோஃப் முதுமையில், ஃபோர்க்கை ஒட்டவைத்த அதே சிற்றூருக்கு அழைக்கப்பட்டுச் சிறப்பிக்கப்பட்டதையும், 1970இல் தம் 85ஆம் வயதில் மறைந்ததையும் பிரெஞ்சுச் செய்திகளிலிருந்து எங்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்ன ஓய்வுபெற்ற பேராசிரியர் அம்மாவுக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறோம்.

அரிசிம்பருப்புச் சாதம் கடைசிப் பந்தி வரைக்கும் குறையாமல் பார்த்துக்கொண்ட சமையல் அக்காமார்களை மறந்தால் எங்களுக்கு அடுத்த முறை சோறு கிடைக்காது. அவர்களுக்கும், இரவில் வீடு திரும்பிய சைக்கிள்களுக்குப் பின்னால் விளக்கைப் போட்டு மெதுவாக வந்த டெம்போ ஓட்டுநருக்கும் நன்றி.

துருத்தியும் தோல் வார்களும் உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. செலவு போக மிஞ்சிய பணத்தில், அந்தத் தம்பி கேட்டபடி அவனுடைய பள்ளிக்கூடச் சைக்கிளுக்கு இரண்டு டயர் மாற்றியிருக்கிறோம். வரவு செலவுக் கணக்கைப் பார்க்க விரும்புவோர் கடைவீதிச் சைக்கிள் கடையில் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நிகழ்ச்சிக் குழுவினர்,
சத்தியமங்கலம்.