எண்ணெய் இருக்கட்டும், மூக்கில் ஊத வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டுவது பற்றி உங்கள் இணைப்பிதழில் வந்த குறிப்பில் எந்த எண்ணெய், எந்த சோப்பு என்பதே பெரும்பகுதி. ஆனால் சிக்கல் பெரும்பாலும் எண்ணெயில் இல்லை. குளியலோடு சேர்த்துச் செய்யும் மற்றவற்றில்தான் இருக்கிறது.

தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தடவி மெதுவாக நீவிவிடுவது நல்லதே. விலை கூடுதல் என்பதால் ஆலிவ் எண்ணெய் உயர்ந்ததாகிவிடாது. அதிலுள்ள ஒலீயிக் அமிலம் தோலின் காப்புப் படலத்தைத் தளர்த்தும். கடலை மாவு, பயத்தமாவு வேண்டாம். பூனைமுடி சில வாரங்களில் தானாகவே உதிர்ந்துவிடும். தேய்த்த மாவோ கழுத்து மடிப்பில் தங்கிப் புண்ணாக்கும்.

காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதுதான் பெரிய ஆபத்து. மூக்கில் விட்ட எண்ணெய் இறங்கும்போது இருமல்கூடச் சரியாக வராது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் கொண்டுவிடும். மூக்கில் வாய் வைத்து ஊதினால் பெரியவர்களின் கிருமி நேரே உள்ளே போகும். கோழை எடுக்கிறேன் என்று தொண்டையில் விரல் விடுவதும் அப்படியே. மூக்கடைப்புக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து ஒன்றிரண்டு சொட்டு போதும், பால் கொடுப்பதற்கு முன்.

ஆண் குழந்தையோ பெண் குழந்தையோ, பிறந்த சில நாளில் மார்பு வீங்குவது தாயின் ஹார்மோனால். சில வாரங்களில் வற்றிவிடும். அதைப் பிதுக்கிப் பால் எடுத்தால் சீழ் கட்டும். அப்புறம் கீறித்தான் எடுக்க வேண்டிவரும்.

முதல் குளியலுக்கு 24 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் படிவு அழுக்கு அல்ல, தேய்த்து எடுக்கக் கூடாது. தொப்புள்கொடி விழும்வரை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். அதன்மேல் மஞ்சளோ பவுடரோ போட வேண்டாம். எடை இரண்டரை கிலோவுக்குக் குறைவென்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் குளியல்.

வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர், கலக்கிவிட்டு முழங்கையால் பார்க்க வேண்டும். 37 டிகிரி இருந்தால் சரி. பிள்ளை காலில் கிடக்கும்போது வாளியில் வெந்நீர் சேர்க்கவே கூடாது. ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். தலைக்குக் கடைசியில் ஊற்றி உடனே துவட்ட வேண்டும், ஏனென்றால் குழந்தைக்குத் தலை வழியாகச் சூடு நிறைய இறங்கிவிடும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் துணியை ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

சாம்பிராணி வாசனையை விட மனம் வராது, புரிகிறது. குழந்தை இல்லாத அறையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சின்ன மூச்சுக்குழாய்க்கு எந்தப் புகையும் புகைதான். பவுடரும் வேண்டாம்.

டிஸ்சார்ஜ் நாளில் இவற்றைத் தாயிடம் மட்டும் சொல்லி அனுப்புவது வீண். பிரசவ வார்டுகளில் பாட்டியையோ குளிப்பாட்ட வரும் ஆயாவையோ வரவழைத்துச் செய்துகாட்டச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
மதுரை.